முடி கொட்டுதா? எண்ணெயை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!



சென்ற ஆண்டு ஒரு குழுவின் மாதக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து, கடன் கேட்பவர்கள் பேசும் நேரம். ஒரு அக்கா எழுந்து, "எனக்கு 8,000 ரூபாய் வேணும். மருத்துவச் செலவு" என்றார். தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதற்காக ஊக்குநர், "என்ன மருத்துவம்க்கா?" என்று கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. தலையில் போட்டிருந்த முந்தானையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்து விட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்தான் சொன்னார்: "முடி கொட்டுதாம். டவுனுல ஒரு கடையில எண்ணெய், பொடி, மாத்திரை எல்லாம் சேத்துத் தர்றாங்களாம். மூணு மாசத்துல வளந்துருமாம்."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். "சோத்துக்கே வழியில்ல, முடிக்குக் கடனா?" என்று ஒருவர் கேட்டார். அந்த அக்கா அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். "பூ வைக்கிறதுக்குக்கூட முடி இல்ல. ஏன் பூ வைக்கலன்னு கேக்குறாங்கன்னு நான் கல்யாண வீட்டுக்குப் போறதையே விட்டுட்டேன்" என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கூட்டம் முடிந்து அவரிடம் தனியாகப் பேசினேன். முடியைத் தவிர வேறு என்ன தொந்தரவு என்று கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னார். காலையில் எழுந்திருக்கவே முடியாத அசதி. சாப்பாடு குறைவு, ஆனால் உடம்பு ஊதிக்கொண்டே போகிறது. மலச்சிக்கல். குரல் கரகரப்பு. எல்லோருக்கும் வியர்க்கும்போது இவருக்கு மட்டும் குளிர்கிறது. இதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டார். முடி மட்டும்தான் வெளியில் தெரிந்தது.

அவருக்குத் தேவைப்பட்டது எண்ணெய் இல்லை, ஒரு ரத்தப் பரிசோதனை. அதனால்தான் இந்த இதழில் இதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

எவ்வளவு கொட்டினால் கவலைப்பட வேண்டும்?

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளரும். பிறகு இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுக்கும். பிறகு உதிரும். அதே வேரில் புது முடி முளைக்கும். அதனால் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கைதான். தலைக்குக் குளித்த அன்று கொத்தாக வருவதைப் பார்த்து பயப்பட வேண்டாம். ஏற்கெனவே வேரை விட்டுக் கழன்றிருந்த முடிதான் அன்றைக்குச் சேர்ந்து வருகிறது. இதற்குப் பயந்து தலைக்குக் குளிக்காமல் இருப்பதால் எந்தப் பயனும் இல்லை.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை:

1. நடு வகிடு முன்பைவிட அகலமாகத் தெரிகிறது. வெயிலில் நின்றால் உச்சித் தோல் தெரிகிறது.
2. சடையின் பருமன் பாதியாகக் குறைந்துவிட்டது. இரண்டு சுற்றில் நின்ற ரப்பர் பேண்டு இப்போது நாலு சுற்று சுற்ற வேண்டியிருக்கிறது.
3. காலையில் தலையணையிலும், பெருக்கும்போது தரையிலும் வழக்கத்தைவிட மிக அதிகமாக முடி கிடக்கிறது. இது சில வாரங்களாகத் தொடர்கிறது.

இதில் ஒன்று இருந்தாலும் காரணத்தைத் தேட வேண்டும்.

ஹார்மோன் என்றால் என்ன?

நம் உடம்பில் சில சுரப்பிகள் இருக்கின்றன. கழுத்தில் தைராய்டு, அடிவயிற்றில் சினைப்பை, இன்னும் பல. இவை ரத்தத்தில் கலந்துவிடும் பொருள்தான் ஹார்மோன். கூட்டமைப்பிலிருந்து குழுக்களுக்குத் தகவல் போவது மாதிரி, "நீ வளரு", "நீ நிறுத்து", "இந்த மாதம் தூரம் வரட்டும்" என்று உறுப்புகளுக்குத் தகவல் கொண்டுபோவது இதுதான். முடி வேருக்கும் இதே தகவல்தான் போகிறது. தகவல் கூடினாலும் குறைந்தாலும் வேர் தடுமாறிவிடும். பெண்களுக்கு வாழ்க்கையில் பெரும்பாலும் நான்கு இடங்களில் இது நடக்கிறது.

1. பிரசவத்துக்குப் பிறகு

"குழந்தை முகம் பாத்து சிரிக்க ஆரம்பிச்சா ஆத்தாளுக்கு முடி கொட்டும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். காரணம் குழந்தையின் சிரிப்பு அல்ல. ஆனால் அவர்கள் சொல்லும் கணக்கு சரிதான். கர்ப்பமாக இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதிகமாக இருப்பதால், உதிர வேண்டிய முடியும் உதிராமல் நிற்கும். பிள்ளை பிறந்ததும் அந்த ஹார்மோன் சட்டென்று இறங்கிவிடும். தள்ளிப்போட்ட தவணை எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்பது மாதிரி, மூன்று நான்கு மாதம் கழித்து முடி மொத்தமாக உதிரும். குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பதும் ஏறத்தாழ அந்தச் சமயத்தில்தான்.

இது நோய் இல்லை. பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் தானாகச் சரியாகிவிடும். "தாய்ப்பால் குடுத்துக் குடுத்துதான் முடி போச்சு" என்று பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியம் என்ற பெயரில் முட்டை, பருப்பு, கீரையைக் குறைப்பதுதான் தவறு. ஒரு வருஷம் ஆகியும் நிற்கவில்லை, அல்லது அசதி அதிகமாக இருக்கிறது என்றால் ரத்த அளவும் தைராய்டும் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தைராய்டு கோளாறு வருவது உண்டு.

2. தைராய்டு கோளாறு

முன்கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் இருக்கும் சுரப்பி இது. ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இதில் கோளாறு அதிகம் வருகிறது.

சுரப்பு குறைந்தால்: அசதி, உடம்பு போடுவது, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், வறண்ட தோல், முகவீக்கம், தூரம் அதிகமாகப் படுவது, மறதி. தலை முழுக்கப் பரவலாக முடி உதிரும். சிலருக்குப் புருவத்தின் வெளி ஓரமும் மெலியும்.

சுரப்பு கூடினால்: நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது, படபடப்பு, கை நடுக்கம், அதிக வியர்வை, தூக்கமின்மை. இதிலும் முடி உதிரும்.

டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனையில் இது பெரும்பாலும் தெரிந்துவிடும். சிகிச்சை எடுத்தால் முடி திரும்ப வரும். ஆனால் மாத்திரை போட்ட மறுமாதமே வராது. சில மாதங்கள் ஆகும்.

3. நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.)

நம் ஊரில் இதை "கர்ப்பப்பை நீர்க்கட்டி" என்கிறார்கள். உண்மையில் இது கர்ப்பப்பையில் இல்லை, சினைப்பையில். புற்றுநோய்க் கட்டியும் இல்லை. முழுதாக முதிராத முட்டைகள் சின்னச் சின்ன நீர்க்கொப்புளமாக ஸ்கேனில் தெரிவதால் இந்தப் பெயர் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. பலருக்கு இருப்பதே தெரிவதில்லை.

பெண்கள் உடம்பிலும் ஆண் ஹார்மோன் கொஞ்சம் உண்டு. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு அது கூடுகிறது. அதனால் வேண்டாத இடத்தில், அதாவது மோவாய், மேலுதட்டில் முடி முளைக்கும். வேண்டிய இடத்தில், அதாவது உச்சந்தலையில் முடி மெலியும். முகப்பரு, பின்கழுத்தில் கறுப்புப் படலம், இரண்டு மூன்று மாதம் தள்ளித் தள்ளித் தூரம் வருவது, உடல் பருமன் ஆகியவையும் சேர்ந்து இருக்கலாம்.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வயசுக்கு வந்த பெண்ணுக்கு மூன்று மாதத்துக்கு மேல் தூரம் வரவில்லை என்றால், "கல்யாணமானா சரியாப் போயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். ஊருக்குத் தெரிந்தால் வரன் அமையாது என்று மறைக்கவும் வேண்டாம். கவனிக்காமல் விட்டால் பின்னால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். பிள்ளை உண்டாவதும் தாமதமாகலாம். கர்ப்பப்பையின் உள்தோல் தடித்துப் போகும். உடல் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. 70 கிலோ இருப்பவர் நாலைந்து கிலோ குறைப்பதே நல்ல தொடக்கம். தினமும் அரை மணி நேர வேக நடை, வெள்ளைச் சோற்றை அளவாக்கி காய், பயறு சேர்ப்பது, பாட்டில் குளிர்பானத்தையும் அதிகச் சர்க்கரை போட்ட டீயையும் குறைப்பது, இதுவும் வைத்தியம்தான்.

4. தீட்டு நிற்கும் வயது

45, 50 வயதில் மாதவிலக்கு நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடும். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சேர்த்து அறுவை செய்து எடுத்தவர்களுக்கு, எந்த வயதானாலும் இது ஒரே நாளில் நடந்துவிடுகிறது. இந்தக் கட்டத்தில் பலருக்கு முடி "கொட்டுவது" என்பதைவிட "மெலிவது" அதிகம். தண்ணீர் காணாத வயலில் பயிர் சாகாமல் சோடையாகிப் போவது மாதிரி, முடி நூலாக இளைக்கும். முன்நெற்றி ஓரம் அப்படியே இருக்கும், நடு வகிடு மட்டும் அகலமாகும். அம்மாவுக்கோ அப்பா வழியிலோ இப்படி இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு அதிகம்.

இதை முழுதாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். ஆனால் சீக்கிரம் கவனித்தால் மேலும் மெலியாமல் தடுக்கலாம், ஓரளவு மீட்கவும் செய்யலாம்.

ரத்தசோகையும் சேர்ந்துகொண்டால்?

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. 20 பேர் உள்ள நம் குழுவில் 10 பேருக்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. இரும்புச் சத்து குறைந்தாலும் முடி உதிரும். தைராய்டு குறைவால் தூரம் அதிகம் பட்டு, அதனால் ரத்தம் குறைந்து, இரண்டும் சேர்ந்து முடியைக் கொட்டவைப்பதும் உண்டு. அதனால் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது.

டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்தும் முடி உதிரும். பட்டினி கிடந்து வேகமாக எடை குறைத்தாலும், பெரிய துக்கம் நடந்தாலும் அப்படித்தான். இது பெரும்பாலும் தானாகச் சரியாகும். மருத்துவரிடம் இதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

எங்கே போவது, என்ன கேட்பது?

முதலில் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் பேசுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்த்துவிடலாம். தைராய்டு பரிசோதனையும் ஸ்கேனும் பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் எடுக்கிறார்கள் என்று அவரே சொல்வார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய் பிரிவு இருக்கிறது. முடிப் பிரச்சினையையும் அங்கேதான் பார்க்கிறார்கள்.

போகும்போது ஒரு தாளில் இதை எழுதிக்கொண்டு போங்கள்: முடி எப்போதிலிருந்து உதிர்கிறது; கடைசி மூன்று தூரத்தின் தேதிகள்; பிரசவமோ, அறுவையோ, காய்ச்சலோ எப்போது நடந்தது; இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும். கருத்தடை மாத்திரையை நிறுத்தியிருந்தால் அதையும் எழுதுங்கள். "பயோட்டின்" என்ற முடி மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். அது தைராய்டு பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டலாம்.

தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்:

• காசு அளவில் வட்டமாக முடி போனவர்கள் (புழுவெட்டு). பெயர்தான் புழு, உண்மையில் புழு எதுவும் கடிப்பதில்லை. கண்டதைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.
• தலையில் சீழ், வலி, தழும்பு உள்ளவர்கள்.
• சில மாதங்களுக்குள் குரல் ஆண் குரலாகி, முகத்திலும் மார்பிலும் வேகமாக முடி முளைப்பவர்கள்.
• தீட்டு நின்று ஒரு வருஷம் ஆன பிறகு மறுபடி ரத்தம் படுபவர்கள்.

மருந்து எழுதிக் கொடுத்தால்

தைராய்டு மாத்திரை: காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும். அதற்குப் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் டீ, காபி, சாப்பாடு எதுவும் கூடாது. "எழுந்ததும் டீ இல்லாம முடியாதே" என்பவர்கள், எழுந்தவுடன் மாத்திரையைப் போட்டுவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்து டீ குடியுங்கள். சரியாக இருக்கும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். "இப்ப நல்லாருக்கு" என்று நீங்களாக நிறுத்தக்கூடாது. கர்ப்பம் தரித்தால் உடனே மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

தலையில் தடவும் மினாக்சிடில்: மெலிந்த முடிக்கு மருத்துவர்கள் எழுதும் மருந்து. தொடங்கிய சில வாரங்களில் முடி இன்னும் அதிகமாக உதிரலாம். பழைய முடி போய்ப் புது முடி வருவதற்கான அறிகுறி அது. பயந்து நிறுத்திவிட வேண்டாம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் வந்த முடியும் போய்விடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதைப் பயன்படுத்தக் கூடாது. நெற்றியில், கன்னத்தில் வழிந்தால் அங்கேயும் பூனைமுடி முளைக்கலாம், துடைத்துவிடுங்கள்.

ஆண் ஹார்மோனை அடக்கும் மாத்திரைகளும் உண்டு. அவை வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கக்கூடியவை. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்த சீட்டை வைத்து மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

எண்ணெய், சீயக்காய் எல்லாம் வீணா?

வீண் இல்லை. தேங்காய் எண்ணெய் முடி உடையாமல் காக்கும். செம்பருத்தி, வெந்தயம், சீயக்காய் தலையைச் சுத்தமாகவும் முடியை மென்மையாகவும் வைக்கும். ஆனால் உள்ளே ஹார்மோன் குறையும்போது வெளியே தடவும் எண்ணெய் அதைச் சரிசெய்யாது. கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை மாற்றி என்ன பயன்?

மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் சரியல்ல. வேர் தோலுக்குள்ளே இருக்கிறது, கத்தி அதைத் தொடுவதில்லை. வேண்டுதலுக்காகப் போடுவது வேறு, அது உங்கள் நம்பிக்கை. ஈரத்தலையை இழுத்துச் சீவாதீர்கள். பெண் பிள்ளைகளுக்கு நெற்றி ஓரம் வலிக்கும்படி இறுக்கிப் பின்னாதீர்கள்.

சாப்பாட்டில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, சுண்டல், முட்டை, முடிந்தால் ஈரல், மீன் சேருங்கள். கீரை சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அது சேராது. வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு கடைசியில் ரசமும் சோறும் சாப்பிடுகிறோமே, அந்தப் பழக்கத்தையும் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

முன்னே சொன்ன 8,000 ரூபாய்க்கு வருவோம். நூற்றுக்கு 2 ரூபாய் மாத வட்டியில், மாதம் 800 வீதம் 10 தவணையில் கட்டினால் வட்டி மட்டும் 880 ரூபாய். மொத்தம் 8,880 ரூபாய். தைராய்டு பரிசோதனைக்கு வெளியில் போனாலும் சில நூறு ரூபாய்தான். மாத்திரையும் விலை உயர்ந்தது அல்ல. மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. "மூன்றே மாதத்தில் அடர்த்தி", "100 சதவீதம் உத்தரவாதம்" என்று யார் சொன்னாலும் பணத்தை எடுக்காதீர்கள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதை யாராலும் ஓட வைக்க முடியாது.

அந்த அக்காவை அந்த வாரமே செவிலியரோடு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது, ரத்தமும் குறைவு. மருந்து ஆரம்பித்த இரண்டாவது மாதத்தில் அசதி விட்டது. ஆறாவது மாதம், "நெத்தி ஓரத்துல புதுசா குட்டிக் குட்டி முடி வருது மேடம், தொட்டுப் பாருங்க" என்று காட்டினார். வகிடு இன்னும் கொஞ்சம் அகலமாகத்தான் இருக்கிறது. வயது 47, முழுதாகப் பழைய சடை வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "பரவால்ல, ஒரு முழம் பூ நிக்குது, போதும்" என்கிறார்.

அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருவர் பிறகு என்னிடம் வந்து, தனக்கும் ஆறு மாதமாகத் தூரம் சரியில்லை என்று சொன்னார். கூட்டத்தில் சொல்லப் பயந்தாராம், சிரிப்பார்கள் என்று.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் குழுவில் கடைசியாக ரத்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் எத்தனை பேர்? செவிலியரை ஒரு கூட்டத்துக்கு அழைப்போமா?
2. மருத்துவக் கடன் கேட்பவரிடம் எல்லோர் முன்னிலையிலும் நோயின் விவரம் கேட்க வேண்டுமா? ஊக்குநரிடம் தனியாகச் சொல்லலாம் என்று தீர்மானம் போடுவோமா?
3. 12 வயதுக்கு மேற்பட்ட நம் பெண் பிள்ளைகளுக்குத் தூரத் தேதியைக் காலண்டரில் குறிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

பேசிவிட்டு, என்ன முடிவெடுத்தீர்கள் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கூட்டத்துக்கு வரும்போது படித்துப் பார்க்கிறேன்.

– கள ஒருங்கிணைப்பாளர்